ஆளுக்கு நாலு பூ

"முருகேசன், உடனே போலீஸைக் கூப்பிடுங்க!"

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்த என்னிடம் எங்கள் காம்ப்ளெக்ஸின் செயலாளர் சன்யால் பாபு சொன்ன காலை வணக்கம் இதுதான்.

எனக்குப் பகீரென்றது. என்ன போயிற்று? பம்ப் மோட்டாரா? யாராவது வீட்டு ஸ்கூட்டரா?

"வந்து பாருங்க" என்று கேட் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பார்த்தேன்.

பூ போயிருந்தது!

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. இந்தக் கதையில் ஒரு பெண்ணின் வேலை அந்தப் பூவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வரி: கல்கத்தாவின் டாலிகஞ்சில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு நான் கேர்டேக்கர். சாவி, பம்ப், லிஃப்ட், யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது — எல்லாம் என் பாடு. கீழ்த்தளத்தில் நான், என் மனைவி செல்வி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் நிலா. நிலாவுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். அவள் அம்மாவோடு சண்டை போடுவது மட்டும் சுத்தத் தமிழில்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் ஜூமா. வயது பத்தொன்பது. வீடு ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சியில், ரயில்வே யார்டை ஒட்டிய குடிசை வரிசையில். ரயில் போனால் தட்டில் சோறு நடுங்கும் என்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்.

லேக் கார்டன்ஸ் பக்கம், ரயில் பாதை ஓரமாக ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், விடுதியில் வளர்ந்தவர்கள், வீட்டில் கஷ்டம் இருப்பவர்கள் — பதினெட்டு வயது முடிந்த இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துத் தோட்டக்கலை சொல்லிக்கொடுக்கிறார்கள். மண் கலப்பது, பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது, மொட்டை மாடியில் தொட்டி அடுக்குவது... எல்லாம் உண்டு. முடித்ததும் வேலையும் தேடிக் கொடுக்கிறார்கள். நர்சரி, ஹோட்டல், ஆஸ்பத்திரி வளாகம், எங்களைப் போன்ற குடியிருப்பு என்று பிள்ளைகள் போய்ச் சேருகிறார்கள்.

அங்கே ஒரு வகுப்பு உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவர் நாற்காலியில் கோபக்கார வாடிக்கையாளராக உட்கார்ந்து கன்னாபின்னாவென்று திட்ட வேண்டும். எதிரில் நிற்பவர் அழக்கூடாது, எதிர்த்துக் கத்தவும் கூடாது, பதில் மட்டும் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் ஏன் இப்படி ஒரு பீரியட் இல்லை? எனக்கு இருந்திருந்தால் எத்தனை உதவியாக இருந்திருக்கும்!

அந்த வகுப்பில் திட்டும் வேஷம் எப்போதும் பிகாஷுக்குத்தான். விடுதியில் வளர்ந்த பையன். ஜூமாவைவிட ஒரு வயது பெரியவன். வாய் ஓயாது. "திட்டறதுல நான் டிஸ்டிங்ஷன் காக்கு" என்று என்னிடமே பெருமைப்பட்டுக்கொண்டான். காக்கு என்றால் சித்தப்பா.

இந்த இரண்டு பேரையும் பயிற்சி நிலையம் எங்கள் தோட்டத்துக்கு அனுப்பியது. குளிர்காலம் மட்டும் பரீட்சார்த்தமாக. சரஸ்வதி பூஜையன்று தோட்டம் பூத்துக் குலுங்கினால் வேலை நிரந்தரம் என்று கமிட்டி சொல்லியிருந்தது.

ஜூமாவுக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. அவளுடைய மாசி, அதாவது அம்மாவின் தங்கை, பெங்களூரில் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்கிறாள். லீவில் ஊருக்கு வந்தவள், பக்கத்து ஃபிளாட்டில் ஆள் கேட்கிறார்கள் என்று ஜூமாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாள். பூஜைக்கு மறுநாள் ரயில். அம்மா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: "பூஜை வரைக்கும் பாரு. இங்க வேலை நிலைச்சா இரு. இல்லேன்னா மாசியோட கிளம்பு. செடியைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருப்பே?"

அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மண்ணில் கை வைத்தால் முகம் மாறிவிடும். அவளைப் போய் நாலு சுவருக்குள், ஊர் தெரியாத ஊரில் பூட்டுவதா?

சரி, கேட்டுக்கு வருவோம்.

கேட்டின் இரண்டு பக்கமும் கிரில் ஓரமாக நீளப் பாத்தி. அதில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செண்டுமல்லி. வங்காளிகள் காந்தா என்பார்கள். முந்தின மாலை நான் கேட்டைப் பூட்டும்போது பாத்தி தங்கத் தாம்பாளம் போலிருந்தது. இப்போதோ, தலை சிரைத்த மாதிரி! நாலைந்து கிளைகள் முறிந்து தோல் நுனியில் தொங்கின.

சன்யால் பாபு பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டிருந்தார். கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும். கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும். அன்றைக்குச் சிவந்திருந்தது.

"யார் எடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். வங்காளத்தில்தான் சொன்னார், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். "ரயில் லைன் ஓரத்துப் பசங்களைக் கொண்டாந்து விட்டா வேற என்ன நடக்கும்? பூ மார்க்கெட்டுக்கு வழி தெரியாதவங்களா அவங்க?"

சொல்லி முடித்துத் திரும்பினார். கேட்டுக்குள் ஜூமாவும் பிகாஷும் நின்றுகொண்டிருந்தார்கள்.

கேட்டுவிட்டார்கள்.

பிகாஷின் வாய் திறந்தது. ஜூமா அவன் ஸ்வெட்டர் கையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். வாய் மூடிக்கொண்டது. அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ஜேட்டு" என்றாள் ஜூமா. நம் பெரியப்பா போல. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தானே கமிட்டி மீட்டிங்?"

"ஆமா. கேமரா வாங்கறதைப் பத்தியும், உங்க ரெண்டு பேரை அனுப்பறதைப் பத்தியும் பேசப்போறோம்."

"அதுவரைக்கும் எனக்கு டைம் குடுங்க. பூவுக்கு நான் பொறுப்பு. போலீஸ், கேமரா எதுவும் வேண்டாம்."

"திருடனைப் பிடிச்சிடுவியா?"

"பிடிக்க மாட்டேன் ஜேட்டு. பாத்தியைத் தொடாம பண்ணிடறேன்."

சன்யால் பாபு மூக்கை உறிஞ்சிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். நான் ஜூமாவைப் பார்த்தேன். கண்ணில் நீர் கோத்திருந்தது, கீழே விழவில்லை.

"மனசுல வெச்சுக்காதேம்மா" என்றேன்.

"பிகாஷ் இதைவிட மோசமா திட்டுவான் காக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு முறிந்த கிளைகளைச் சீவ உட்கார்ந்துவிட்டாள்.

இதில் பிகாஷ் முன்பே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தான். மாதத்தொடக்கத்தில் ஒன்றிரண்டு பூ காணாமல் போனபோது 'ஜாக்கிரதை, பூச்சிமருந்து அடித்திருக்கிறது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டான். மருந்து ஒன்றும் அடிக்கவில்லை, சும்மா பயமுறுத்தத்தான். பலன்? மூன்றாவது மாடி லலிதா மாமி என்னிடம் வந்து, "முருகேசன், மருந்து கிருந்து அடிச்சா முன்னாடியே சொல்லப்படாதோ? நேத்திக்கு மூணு தடவை அலம்பிட்டுன்னா ஸ்வாமிக்குச் சாத்தினேன்" என்றார்.

மாமியின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தா. மீன் வாசனை பழகிவிட்டது, மனசாட்சி மட்டும் தஞ்சாவூர். "மாமி, அது காம்ப்ளெக்ஸ் பூவாச்சே" என்று இழுத்தேன்.

"நாலே நாலு பூ! பகவானுக்குப் பறிச்சா திருட்டாகுமோ?"

இதே வசனத்தை வங்காளத்திலும் கேட்டிருக்கிறேன். பூஜைக்குப் பறித்தால் பாவமில்லை என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். விடியும் நேரத்தில் டாலிகஞ்ச் தெருக்களில் நடந்து பாருங்கள். படித்த பெரிய மனிதர்கள் மஃப்ளரும் குல்லாவுமாக வாக்கிங் போவார்கள். கையில் பிளாஸ்டிக் பை. மறு கையில் நுனி வளைந்த குச்சி. அந்தக் குச்சி நடக்கவா? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளையை இழுக்க!

ஆனாலும் ஒரு பாத்தி முழுக்கவா?

இந்த இடத்தில்தான் நம் நிலா வருகிறாள். பள்ளி வேனுக்குக் காத்திருந்தவள், பையைச் சுமந்தபடியே பாத்தி ஓரம் குந்தினாள்.

"அப்பா, பின் வரிசைல பூவெல்லாம் அப்படியே இருக்கே?"

அட, ஆமாம். கிரில்லுக்கு வெளியிலிருந்து கை நுழைத்தால் எட்டும் தூரம் வரை மொட்டை. எட்டாத இடத்தில் பூ சிரித்துக்கொண்டிருந்தது. விற்கிறவன் பாதியை ஏன் விட்டு வைக்கிறான்?

"இன்னைக்கு வியாழக்கிழமை காக்கு" என்றாள் ஜூமா, தலையை நிமிர்த்தாமலே. "வீட்டுக்கு வீடு லட்சுமி பூஜை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருடன் ஒருவன் இல்லை. தெருவே வந்திருக்கிறது! ஆளுக்கு நாலு பூ. யாரைக் கேட்டாலும் 'நான் நாலுதானே எடுத்தேன்' என்பார்கள். பொய்யும் இல்லை. ஒருவரும் திருடவில்லை, பாத்தி மட்டும் மொட்டை.

பிள்ளைகளே, உலகத்தில் பல விஷயம் இப்படித்தான் காலியாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொதுக் குழாய்த் தண்ணீர், பூங்கா புல்தரை, அம்மா ஒளித்து வைக்கும் முறுக்கு டப்பா...

"இதை இப்பவே போய்ச் சொல்லிடலாம் ஜூமா" என்று குதித்தான் பிகாஷ். "யார் யார் பறிக்கறாங்கன்னு ஃபோட்டோ எடுத்து லிஃப்டுல ஒட்டிடலாம்!"

"ஒட்டு. நாளையிலேர்ந்து அவங்கல்லாம் நமக்குப் பூங்கொத்து குடுப்பாங்க" என்றாள் ஜூமா. "அவங்களுக்கு வேண்டியது சாமிக்குப் பூ. அவசரத்துல இருட்டுல இழுக்கறாங்க, கிளை முறியுது. பூவை நாமளே குடுத்துட்டா?"

"யாருக்கு?"

"திருடனுக்கு."

பிகாஷ் என்னைப் பார்த்தான். நான் பிகாஷைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் லேக் கார்டன்ஸிலிருந்து ஒரு சைக்கிள் வேன் வந்து நின்றது. பயிற்சி நிலையத்து ஆசிரியை கடனாகக் கொடுத்த தொட்டிகள். செம்பருத்தி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, குட்டைச் செண்டுமல்லி. கேட்டைத் தாண்டி, வெளிச்சுவர் திரும்பும் மூலையில், கிரில்லின் உட்பக்கத் திண்டில் அவற்றை வரிசையாக வைத்தார்கள். கிளைகள் கம்பி வழியாகத் தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. வெளியே நிற்பவர் கைக்குப் பூ எட்டும், தொட்டி எட்டாது. இரண்டு இடத்தில் கயிற்றில் கத்தரிக்கோல் கட்டினார்கள். ஒரு கத்தரி எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து போனது. "பால் பாக்கெட்டை இனிமே பல்லால கடிச்சுத் திறங்க" என்றாள் செல்வி.

செயலாளரிடம் கேட்டீர்களா என்கிறீர்களா? கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி என்பார். கமிட்டி என்றால் கோடைக்காலம் வந்துவிடும். சாவி என் கையில் இருந்தது, திறந்துவிட்டேன். தப்பாகப் போனால் என் வேலைக்கும் கேள்வி வரும் என்று தெரியும். ஆனாலும், ஏனோ, உற்சாகமாக இருந்தது.

போர்டு எழுதியது நிலா. வங்காளத்தில் கொட்டை எழுத்தில்: 'பூஜைப் பூ இங்கே. கத்தரியால் வெட்டிக்கொள்ளுங்கள். கிளையை ஒடிக்காதீர்கள். பாத்திப் பூ சரஸ்வதிக்கு.' அதற்குக் கீழே இன்னொரு அட்டையில் அதையே தமிழிலும் எழுதினாள்.

"தமிழ் எதுக்குடி?" என்றேன்.

"லலிதா மாமிக்கு."

ஞாயிற்றுக்கிழமை. பனிமூட்டம் விலகாத காலை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாலம் தாண்டி ஜூமா வந்துவிட்டாள். பிகாஷ் பின்னாலேயே மண்குவளையில் டீயோடு வந்தான். நாங்கள் கேட்டுக்குள் நின்றோம். ஜூமா கையைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். அன்று மாலை மீட்டிங்!

முதலில் வந்தது ஒரு வயதான அம்மாள். வழக்கம்போல் பாத்திப் பக்கம் கையை நீட்டினார். எங்களைப் பார்த்தார். நீட்டிய கையால் அப்படியே சால்வையைச் சரிசெய்துகொண்டார். எப்படி ஒரு சமாளிப்பு!

ஜூமா வெளியே போனாள். "மாசிமா, பூஜைக்கா? இங்க வாங்க, நல்ல செம்பருத்தி இருக்கு." கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அம்மாள் போர்டைப் படித்தார். பிறகு கவனமாக நாலே நாலு பூ வெட்டினார். போகும்போது ஜூமாவின் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்.

அடுத்து லலிதா மாமி. பூக்கூடையோடு கீழே இறங்கி, கேட்டைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தமிழ்ல போர்டா! டாலிகஞ்ச்லயா! எனக்குன்னு எழுதியிருக்கேளோ?"

"நிலா எழுதினது மாமி."

"என் செல்லமே! ஆனா கடைசி வரி என்னைக் குத்திக் காட்டறாப்ல இருக்கே" என்றார். அவ்வளவுதான். ஸ்டூல் போடச் சொல்லி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடுத்து வந்த ஆள் பாத்தியில் கை வைத்ததும் மாமியின் வங்காளம் தெருவைக் கிழித்தது: "ஓ அண்ணா! அங்கே இல்லை! அது சரஸ்வதிக்கு! கண்ணு இல்லையா? போர்டு படிக்கத் தெரியாதா?" சட்டம் மீறியவரைவிடச் சிறந்த போலீஸ் கிடையாது என்பது சரிதான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, குரங்குக் குல்லா போட்ட ஒருவர் வந்தார். கையில் வளைந்த குச்சி. மாமி சுட்டிக்காட்டிய இடத்தில் கூச்சத்தோடு நின்று, நந்தியாவட்டையை வெட்ட ஆரம்பித்தார். அதே சமயம் தெருவின் மறுகோடியிலிருந்து, பனியைக் கிழித்துக்கொண்டு இன்னொரு குரங்குக் குல்லா வேகமாக வந்தது.

மூக்கு சிவந்திருந்தது.

எங்கள் சன்யால் பாபு! தன் கிரில்லில் எவனோ கை வைத்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். போர்டு அவர் கண்ணில் படவில்லை. "சோர்! சோர்!" — திருடன், திருடன் — என்று கத்திக்கொண்டே ஓடி வந்து அந்த மனிதரின் பையைப் பிடித்தார். அவர் இவர் பையைப் பிடித்தார். ஆம், இவர் கையிலும் ஒரு பை இருந்தது. இழுத்த இழுப்பில் இரண்டும் கிழிந்தன.

நடைபாதையில் கொட்டியது பூ.

அந்த மனிதரின் பையிலிருந்து எங்கள் நந்தியாவட்டை, நாலைந்து. சன்யால் பாபுவின் பையிலிருந்து... மஞ்சள் அரளி! ஒரு குவியல். எங்கள் காம்ப்ளெக்ஸில் மஞ்சள் அரளி கிடையாது. அடுத்த தெருக் குடியிருப்பில்தான் பெரிய மரம் இருக்கிறது.

குல்லாவைக் கழற்றினார் அந்த மனிதர். அடுத்த தெருக் குடியிருப்பின் செயலாளர் தத்தா பாபு! இருவரும் தினமும் மாலையில் கேரம் ஆடுகிறவர்கள்.

தத்தா பாபு கீழே பார்த்தார். மேலே பார்த்தார். "சன்யால்... இது எங்க அரளி மாதிரி இருக்கே?"

சன்யால் பாபுவின் மூக்கு நிறம் மாறியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். வெளுத்துவிட்டது.

மாமி ஸ்டூலிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். பிகாஷின் கன்னம் உப்பி, சிரிப்பு வெளியே வரத் துடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஜூமா ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'லைன் ஓரத்துப் பசங்க' என்ற வார்த்தையை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். யார் கேட்க முடியும்?

ஜூமா முன்னால் வந்தாள். இரண்டு கத்தரிகளையும் எடுத்தாள். ஒன்றைத் தத்தா பாபுவிடம், ஒன்றைச் சன்யால் பாபுவிடம் நீட்டினாள்.

"கீழ விழுந்த பூ பூஜைக்கு ஆகாது ஜேட்டு. இதுலேர்ந்து வெட்டிக்குங்க. கணுவுக்குக் கொஞ்சம் மேல வெட்டினா மறுபடி துளிர்க்கும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

சன்யால் பாபு கத்தரியை வாங்கினார். போர்டை இப்போதுதான் படித்தார், நிதானமாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. பிறகு ஒரு செம்பருத்தியை வெட்டினார். அதிகாரி கையெழுத்துப் போடுவது போல, அத்தனை பத்திரமாக.

பிகாஷால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஜேட்டு, தினம் இவ்வளவு தூரம் மாத்தி மாத்தி நடக்கறதுக்குப் பதிலா, கேரம் ஆடும்போதே பூவை மாத்திக்கலாமே?"

முதலில் வெடித்துச் சிரித்தது தத்தா பாபு. அப்புறம் மாமி. கடைசியாகக் குல்லாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சன்யால் பாபு சிரிக்கிற சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மாலையில் மீட்டிங். சாவிக்கொத்தோடு நான் கதவோரம் நின்றேன். ஜூமாவும் பிகாஷும் படிக்கட்டில் காத்திருந்தார்கள். கேமரா விஷயம் வந்தது. "தேவையில்லை" என்றார் சன்யால் பாபு. தோட்ட விஷயம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூஜை வரைக்கும் காத்திருக்கணும்னு எனக்குத் தோணலை. குளிர்காலம் மட்டும் எதுக்கு? வருஷம் முழுக்க அவங்களே பாத்துக்கட்டும். அந்தப் பசங்களைப் பத்தி வியாழக்கிழமை நான் ஒண்ணு சொன்னேன். அது தப்பு. முருகேசன், அவங்களை உள்ள கூப்பிடுங்க. இதை அவங்க முன்னாலயும் சொல்லணும்."

கூப்பிட்டேன். சொன்னார். ஜூமாவின் கண்ணில் வியாழக்கிழமையிலிருந்து கோத்திருந்த நீர் அப்போதுதான் விழுந்தது.

அதோடு முடியவில்லை. தத்தா பாபு அடுத்த நாளே வந்துவிட்டார். "எங்க சுவத்துலயும் இந்த மாதிரி வரிசை வேணும். ஆள் இருக்கா?" பிகாஷ் மார்பைத் தட்டிக்கொண்டான். "நாங்களே வருவோம். பத்தலேன்னா எங்க வகுப்புலேர்ந்து இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருவோம்!" சொன்னபடியே கூட்டி வந்துவிட்டான். ஒரு வேலை நாலு வேலையாகப் பதியன் போட்டுவிட்டது.

சரஸ்வதி பூஜை அன்று நீங்கள் எங்கள் காம்பவுண்டுக்கு வந்திருக்க வேண்டும்!

பறிக்காமல் விட்ட மொட்டுகள் அத்தனையும் விரிந்துவிட்டன. பாத்தி மஞ்சள். பந்தல் மஞ்சள். பெண்கள் புடவை மஞ்சள், நிலாவும் மஞ்சள். வங்காளப் பிள்ளைகளுக்கு அன்று ஜாலி. புத்தகத்தையெல்லாம் தேவி காலடியில் வைத்துவிடுவார்கள், மறுநாள் வரை தொடக்கூடாது. நிலா எதை வைத்தாள் தெரியுமா? கணக்குப் புத்தகம். அதற்குப் பக்கத்தில் ஜூமா தன் செடி வெட்டும் கத்தரியை வைத்தாள். பிகாஷ் களைக்கொத்தை வைத்தான். புரோகிதர் ஒரு பார்வை பார்த்தார், பிறகு இரண்டின் மேலும் பூ போட்டார். நம் ஆயுத பூஜை ஞாபகம் வந்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜூமாவின் அம்மா வந்திருந்தார். கூடவே மாசியும். கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றவர்களை மாமி கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். மஞ்சள் புடவை கட்டிய ஜூமா தாம்பாளத்தோடு வரிசையாக எல்லோருக்கும் புஷ்பாஞ்சலிக்குப் பூ கொடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர், வக்கீல், பேராசிரியர் எல்லோரும் அவள் முன்னால் இரண்டு கையையும் ஏந்தினார்கள். சன்யால் பாபுவும் ஏந்தினார்.

"ஜேட்டுக்கு நாலு பூ" என்றாள் ஜூமா.

"கொஞ்சம் தாராளமா போடும்மா" என்றார் அவர்.

ஜூமாவின் அம்மா இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அழுகையா, சிரிப்பா? எனக்குத் தெரியவில்லை. மாசி மட்டும் மெதுவாக போனை எடுத்தாள். ஜூமாவைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு எதையோ அழுத்தினாள்.

ஜூமாவின் டிக்கெட் கேன்சல்!

மறுநாள் அந்த ரயில் சாந்த்ராகாச்சி யார்டைத் தாண்டி, தட்டில் இருந்த சோற்றை நடுங்க வைத்துக்கொண்டு தெற்கே போயிருக்கும். அந்த நேரத்தில் ஜூமா இங்கே செண்டுமல்லிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு.

அந்த ரயிலில் வெயிட்டிங் லிஸ்டில் தவித்த யாரோ ஒருவருக்குக் கடைசி நேரத்தில் பெர்த் கிடைத்திருக்கும்... நாலு பூவால் வந்த பெர்த் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?